யாருமே மட்டை வீசாத பேஸ்பால் அட்டைகள்!

வாரப் பத்திரிகையின் ஆயுள் ஒரு வாரம்தான். அடுத்த இதழ் வந்ததும் பழையது எடைக்குப் போய்விடும். அமெரிக்காவிலும் அதே கதைதான். ஆனால், 75 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வெளியான சில இதழ்களின் அட்டைகளை மட்டும் இன்றைக்கும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அதிலும் பேஸ்பால் ஓவியங்கள் இருந்தால் தனி மவுசு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேகரிப்பாளர்கள் பெரிதும் கொண்டாடும் மூன்று பேஸ்பால் அட்டைகளில், பந்தை விளாசும் காட்சியே கிடையாது. கோப்பையும் இல்லை, வெற்றிக் கொண்டாட்டமும் இல்லை. மூன்றையும் வரைந்தவர் நார்மன் ராக்வெல். 'தி சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' வார இதழுக்கு 1916-ல் தொடங்கி 47 ஆண்டுகளில் 300-க்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்தவர்.

முதல் அட்டை, 1948 செப்டம்பர் 4 இதழில் வந்தது. ஐ.பி.எல் ஆட்டங்களில் வீரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அதே போன்ற டக்அவுட். அதில் சிகாகோ கப்ஸ் அணியினர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ரசிகர்கள் கூட்டம் கேலி செய்து கத்துகிறது. முன்னால் நிற்பது, வீரர்களுக்கு மட்டை எடுத்துக்கொடுக்கும் பையன். தோல்விக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் மொத்த அவமானமும் அவன் தலையில் விழுந்ததுபோல நிற்கிறான். அந்த சீசனில் கப்ஸ் 64 ஆட்டங்களில் வென்று, 90-ல் தோற்று, தன் லீகில் கடைசி இடம் பிடித்தது.

இரண்டாவது, 1949 ஏப்ரல் 23. மூன்று நடுவர்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். தூறல் விழுகிறது. ஸ்கோர்போர்டில் ஆறாவது இன்னிங்ஸ். பிட்ஸ்பர்க் 1, புரூக்ளின் 0. பேஸ்பாலில் ஐந்து இன்னிங்ஸ் முடிந்த பிறகு மழையால் ஆட்டம் கைவிடப்பட்டால், முன்னிலையில் இருக்கும் அணிக்கே வெற்றி. அதனால்தான் நடுவர்களுக்குப் பின்னால் புரூக்ளின்காரர் 'மழையா, எங்கே?' என்பதுபோல நிற்க, பிட்ஸ்பர்க்காரர் நனைந்த கோழியாகக் குறுகி நிற்கிறார்.

மூன்றாவது, 1957 மார்ச் 2. பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர்கள் உடை மாற்றும் அறை. கையில் பெட்டியும் பொருந்தாத கோட்டுமாக ஒரு கிராமத்துப் பையன் உள்ளே வந்து நிற்கிறான். நட்சத்திர வீரர்கள் அவனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை நினைத்துப் பார்த்தால், பேஸ்பால் தெரியாதவருக்கும் இந்தப் படம் புரியும். பையனாக நின்றது மாசசூசெட்ஸில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர். பெரும் நட்சத்திரமான டெட் வில்லியம்ஸ் நேரில் வரவில்லை. அவரைப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்தார் ராக்வெல்.

தோல்வி, காத்திருப்பு, முதல் நாள் பயம். இந்த மூன்றும் எல்லோர் வாழ்க்கையிலும் உண்டு. ஆட்டத்தின் முடிவு மறந்துபோன பிறகும் இந்த அட்டைகள் மறக்காமல் இருக்க அதுதான் காரணம்.

அட்டைகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். அந்த ரெட் சாக்ஸ் அறையில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. அது ஓவியரின் கற்பனை அல்ல. 1959 வரை அந்த அணியின் நிலைமையே அதுதான். மேஜர் லீக் அணிகளிலேயே கறுப்பின வீரரைக் கடைசியாகச் சேர்த்த அணி அது. அந்த அட்டைக்குப் பக்கத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன்பு வந்த 'டைம்' இதழின் 1947 செப்டம்பர் 22 அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் பேஸ்பால்கள், நடுவே ஜாக்கி ராபின்சனின் சிரித்த முகம். அந்த ஆண்டுதான் அவர் மேஜர் லீகின் நிறத் தடையை உடைத்தார். தனித்தனியாக இவை அழகான படங்கள். ஒன்றாக வைத்தால் ஒரு நாட்டின் கதை.

விலைக்கு வருவோம். 1957 அட்டையின் மூல ஓவியம், 2014-ல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 2.26 கோடி டாலருக்குப் போனது. ஆனால், அதே படம் அச்சான இதழ், பல லட்சம் பிரதிகளில் ஒன்று என்பதால், சாமானியர்கள் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது.

அச்சுப் பிரதி என்று நினைத்தது மூல ஓவியமான கதையும் நடந்திருக்கிறது. மழை அட்டையில் இருக்கும் நடுவர்களில் ஒருவர் பீன்ஸ் ரியர்டன். அந்தப் படத்துக்காகத் தயாரித்த சிறிய மாதிரி ஓவியம் ஒன்றில் கையெழுத்திட்டு அவருக்கே கொடுத்திருந்தார் ராக்வெல். ரியர்டனின் குடும்பத்தினர் அதை அச்சுப் பிரதி என்றே நினைத்திருந்தார்கள். ஏல நிறுவனத்தின் நிபுணர்கள் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. 2017-ல் அது 16.8 லட்சம் டாலருக்கு விற்றது. அத்தனை காலமும் அந்தக் குடும்பம் அதைப் பத்திரமாக வைத்திருந்தது விலைக்காக அல்ல. அதில் இருந்தவர் அவர்கள் வீட்டு மனிதர்.

சேகரிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அசல் அட்டை என்றால் மறுபக்கத்தில் அந்தக் கால விளம்பரம் இருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் மறு அச்சு. சந்தாதாரர் முகவரிச் சீட்டு ஒட்டிய பிரதிக்கு விலை குறைவு. சீட்டைப் பிய்க்க முயன்றால் படமும் சேர்ந்து கிழியும். அந்தக் காலத் தாளில் உள்ள அமிலம் அதை மஞ்சளாக்கி, உதிர வைக்கும். அதனால் அமிலமற்ற அட்டை, பாலியெஸ்டர் உறை இரண்டும் தேவை. வெயில் படவே கூடாது.

முக்கியமாக, கத்தரி வேண்டாம். அட்டையைத் தனியாகவும் உள்ளே இருக்கும் விளம்பரங்களைத் தனியாகவும் வெட்டி விற்கும் வியாபாரிகள் உண்டு. தனித்தனியாக விற்றால் அவர்களுக்கு லாபம். ஆனால், அந்த வாரம் மக்கள் படித்த கதை, சிரித்த ஜோக், வாங்க ஆசைப்பட்ட ரேடியோ எல்லாம் உள்பக்கங்களில்தான் இருக்கின்றன. சட்டம் போட்டு மாட்ட ஒரு பிரதி போதும். முழு இதழ் கிடைத்தால், முழுசாகவே வைத்திருப்பது நல்லது.