யோபுவுக்கு வந்த செய்தி

விவிலியத்தைத் தனியே வாசிக்கும்போது, பழகிய வரிகளைக் கண் தானாகவே தாண்டிச் செல்கிறது. கூடியிருந்து வாசிக்கையில் அது இயலாது. யாரேனும் ஒருவர் மறித்து நிறுத்திவிடுவார்.

கொழும்பில் நாங்கள் எண்மர் வாரந்தோறும் யோபுவின் நூலை உரத்து வாசித்து வந்தோம். சிலர் கையில் பழைய வேதாகமம். சிலர் கையில் 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு. (சொற்பேதம் பற்றியே அரைமணி நேரம் வாதிடுவோம், தமிழரல்லவா!) இறுதி அதிகாரத்தில் யோபு இழந்தவை மீள்கின்றன. 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. பிள்ளைகள் மட்டும் முன்போலவே பத்துப்பேர். முந்திய பதின்மரும் இறைவனிடத்தில் வாழ்வதால் இரட்டிக்க வேண்டியதில்லை என்று உரைகாரர் சிலர் கூறும் விளக்கத்தை எங்களில் ஒருவர் எடுத்துரைத்தார்.

2009 மே மாதத்தில் வன்னியில் மகன் காணாமற்போன அக்கா ஒருவர் எங்களோடு இருந்தார். அதுவரை அதிகம் பேசாதவர்.

"யோபுவுக்குப் பிள்ளையள் செத்ததெண்டு ஆள் வந்து சொன்னது. எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே, தம்பி."

தூதர் நால்வர் அடுத்தடுத்து ஓடிவரும் அந்த முதல் அதிகாரத்தை அதன் நாடகத் தன்மைக்காகவே நான் வியந்ததுண்டு. செய்தி சொல்வதே என் பிழைப்பு. ஆயினும் அந்த நால்வரும் வராமற்போயிருந்தால் யோபு எவ்வாறு சாம்பலில் அமர்ந்திருப்பார், எதற்காக அழுதிருப்பார் என்பதை அன்றுதான் எண்ணினேன்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் வாய்திறவாது அவரருகே இருந்தார்கள். பேசத் தொடங்கிய பின்னரே அவரைப் பழித்தார்கள். அன்று நாங்களும் பேசவில்லை. அடுத்த வாரம் அக்காவின் விருப்பப்படி முதல் அதிகாரத்துக்குத் திரும்பினோம். தூதர் வரும் பகுதியை அவரே வாசித்தார்.