ஐந்தில் ஒரு பங்கு

எங்கள் கூட்டத்தில் ‘கிளம்புங்கடி’ என்று சொல்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் இன்னும் மதுரையிலேயே இருக்கிறோம். பிளான் போட்டால் ஒன்றும் நடக்காது, சட்டென்று கிளம்பினால்தான் உண்டு என்பது என் கட்சி. ஒருத்திக்கு மாமியாரின் கண் ஆபரேஷன், இன்னொருத்திக்குப் பிள்ளையின் பரீட்சை என்று ஏதாவது வந்து நிற்கிற வயது எங்களுக்கு. அதையெல்லாம் உடைத்துத் தோழிகளை வெளியே கூட்டி வருகிறவள் நான் என்று உள்ளூரப் பெருமை இருந்தது.

இப்போது அந்தப் பெருமையைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் ஒருத்தி வீட்டில் பேசுவாள், கையிருப்பைப் பார்ப்பாள், யோசித்து ‘இந்தத் தடவை முடியாதுடி’ என்று சொல்வாள். பத்து நிமிஷம் கொடுத்தால் சொல்ல முடியாது. யாரும் மறுக்க முடியாதபடி அவசரப்படுத்துவதையே நான் இத்தனை வருஷமும் செய்துவந்திருக்கிறேன். அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

2025 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கொடைக்கானலில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு வீடு, சீசன் நேரத்தில் யாரோ ரத்து செய்ததால் கிடைக்கிறது என்று எனக்குத் தகவல் வந்தது. இரண்டு ராத்திரிக்கு 30,000 ரூபாய். உடனே குழுவில் போட்டேன். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி போக முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடைக்கு எண்ணிக்கையிலும் வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. மலை மூச்சுவிட வேண்டும் என்பதற்காக வந்த உத்தரவு அது. நான் அதை வைத்துத் தோழிகளை நெருக்கினேன். ‘பாஸ் தீர்ந்துரும், பத்து நிமிஷத்துல பேர் குடுங்க’ என்று எழுதினேன்.

மூன்று பேர் சரி என்றார்கள். நான்காமவள், ‘நீங்க போயிட்டு வாங்கடி, எனக்கு வேலை கிடக்கு’ என்றாள்.

அவள் கணவரின் அச்சகம் அந்த வருஷம் தை மாதத்தோடு மூடிவிட்டது எனக்குத் தெரியும். பையனுக்குக் காலேஜில் பணம் கட்ட வேண்டிய நேரம் என்பதும் தெரியும். தெரிந்தும், ‘நீ வரலைன்னா நாங்க யாரும் போகலை’ என்று எழுதினேன். படிக்கிறவர்களுக்கு அது அன்பு மாதிரி இருக்கும். அன்பும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதை அனுப்பும்போது என் மனசில் ஓடியது வேறு. முப்பதாயிரத்தை ஐந்தால் வகுத்தால் ஆறாயிரம், நான்கால் வகுத்தால் ஏழாயிரத்து ஐந்நூறு. அந்த ஆயிரத்து ஐந்நூறு எனக்கு ஒரு பெரிய தொகையே இல்லை. இருந்தும் கணக்கு அப்படித்தான் ஓடியது. நாலு பேரை வைத்து அவளைச் சுற்றி வளைத்தேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. ராத்திரி ‘வர்றேன்’ என்று ஒரு வார்த்தை வந்தது.

விடியற்காலையில் கிளம்பி வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினோம். அவள் ஒரு பெரிய தூக்கு நிறையப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ‘வழியில கண்டதையும் சாப்பிட வேணாம்’ என்றாள். டம்டம் பாறைக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிச் சாப்பிட்டோம். அதுதான் அவளால் போட முடிந்த பங்கு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் படகில் போனோம். எங்களில் வரலாறு படித்தவள் அவள்தான். மற்ற நாங்கள் ஏதோ இயற்கையாகவே அமைந்த ஏரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 1863-இல் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கிய ஏரி இது, கட்டியவர் மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். நட்சத்திர வடிவம் என்கிறார்களே, ஒன்றும் தெரியவில்லையே என்று ஒருத்தி கேட்டாள். தண்ணீர்மேல் இருந்துகொண்டு பார்த்தால் தெரியாது, மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்றாள். வரும் வழியில் பார்த்தோமே வெள்ளி அருவி, அது இந்த ஏரியிலிருந்து வழிந்து போகிற தண்ணீர்தான் என்றும் சொன்னாள். வகுப்பெடுக்கிற மாதிரி கையை நீட்டி நீட்டிப் பேசினாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

காற்று அடித்தது. காதோரம் பறந்த முடியை ஒதுக்கினாள். அப்போதுதான் பார்த்தேன்.

நான் ஒரு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் காதையும் கழுத்தையும் பார்க்கிற வேலை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால், தீபாவளிக்கு முன்னால், யார் எதைக் கழற்றிக்கொண்டு வருவார்கள் என்று எனக்கு அத்துபடி. அவளுடைய ஏழுகல் தோடு அவள் கல்யாணத்துக்கு அம்மா போட்டது; அதற்குப் பிறகு அது இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. கனமான தோடு. வருஷக்கணக்கில் அதைத் தாங்கித் தாங்கிக் காதுத் துளை கீழே இழுபட்டு, ஒரு சின்னக் கீறல் போல நீண்டிருக்கும். அந்த நீண்ட துளையில் ஒரு கவரிங் கம்மல் நிற்க இடமில்லாமல் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பூச்சு இன்னும் புதுசாகப் பளபளத்தது. முந்தின நாள் சாயங்காலம் வாங்கியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

அந்த நொடியில் நான் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது. ஐயோ என்று நினைப்பதற்கு முன்னால் என் மனசு மதிப்புப் போட்டது. கல் எடையைக் கழித்து, மிச்சத் தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதம், எங்கள் கிளையில் இவ்வளவு கிடைத்திருக்கும் என்று ஒரு தொகை வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் இது என் தோழியின் காது என்பது மனசில் ஏறியது. ஏறியும் நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் முன்னால் கேட்டால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தனியாகக் கேட்க இரண்டு நாள் இருந்தது. அந்த வீட்டு வராந்தாவில் ராத்திரி இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ஏரி பனிமூட்டத்தில் மறைந்து போயிருந்தது. பையனைப் பற்றிப் பேசினாள். தோடு பக்கம் பேச்சு போய்விடாமல் பார்த்துக்கொண்டேன். கேட்டால் அவள் பங்கை நான் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் பயணத்தின் சந்தோஷம் கெட்டுவிடும் என்று தோன்றியது. யாருடைய சந்தோஷம்? என்னுடையதுதான்.

ஏரிக்கரையில் மிளகாய்ப்பொடி தடவிய மாங்காயும் சுட்ட சோளமும் விற்கிறார்கள். நாங்கள் வாங்கினோம். ‘பல்லு கூசுதுடி’ என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். சைக்கிள் எடுத்தபோது எங்கள் பைகளை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டில் எல்லாருக்கும் டீ போட்டாள், உப்புமா கிளறினாள், பாத்திரம் அத்தனையும் கழுவினாள். விருந்துக்கு வந்தவள் கடன் அடைக்கிற மாதிரி வேலை செய்துகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இறங்கி வரும்போது வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேயே போனில் கணக்கை முடித்தேன். வாடகை, பெட்ரோல், படகு, சாப்பாடு, நாங்கள் தின்ற சோளம் முதற்கொண்டு எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்துக் குழுவில் போட்டேன். புளியோதரையைக் கணக்கில் சேர்க்கவில்லை. வண்டி மதுரையைத் தொடுவதற்குள் அவளுடைய பணம் வந்துவிட்டது. ஐந்து பேரில் முதலில் கொடுத்தவள் அவள்.

ஆடி மாதம் இன்னொரு தோழி பேச்சுவாக்கில் சொல்லித்தான் மீதி தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், குழுவில் பதில் வராமல் இருந்த அந்த நேரத்தில், தோட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை அடகுக் கடைக்குப் போயிருக்கிறாள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, வருஷத்துக்கு 24. வங்கியில் வைத்திருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போய், ‘அங்கிருந்து மீட்டு எங்க கிளையில வச்சிரலாம், நானே பார்த்துக்கறேன், ஏண்டி எங்கிட்ட வரலை?’ என்று கேட்டேன். உதவி செய்கிற தோரணையில்தான் கேட்டேன்.

‘உன் கவுன்டர்ல நின்னு என் தோட்டை உன் கையில எப்படிடி குடுப்பேன்? அதுவும் உன்கூட டூர் போறதுக்கு?’ என்றாள். கோபமே இல்லை. விளக்கம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவளிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். படகிலேயே பார்த்துவிட்டேன் என்பதையும், பார்த்த பிறகும் வகுத்துப் பணம் கேட்டேன் என்பதையும் சொன்னேன். முதல் விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ‘நீ பார்த்ததை நானும் பார்த்தேன்’ என்றாள். தனியாக இருந்த அந்த ராத்திரி நான் கேட்பேன் என்று காத்திருந்தாளாம். மீட்கிற பணத்தை நான் கட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். எவ்வளவு ஆகிறது என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது. இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் கேட்டேன். என் பேர் வரக் கூடாது, மற்றதையெல்லாம் எழுதிக்கோ, புளியோதரையையும் எழுது என்றாள்.