வேப்பூரிலிருந்து வேதாளைக்கு

விருத்தாசலத்திற்கு மேற்கே, சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சேலம் செல்லும் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியில் அமைந்த ஊர் வேப்பூர். விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்த பீங்கான் பொருள்கள் இவ்வழியே வெளியூர் செல்கின்றன. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகும் மக்கள் இவ்வழியே கிழக்கு நோக்கிப் பயணம் செய்கின்றனர். கழுத்தில் செபமாலை அணிந்த தாயும் தலையில் முக்காடிட்ட தாயும் ஒரே இருக்கையில் அமர்ந்து, ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் முறுக்கு ஒடித்துக் கொடுப்பது இங்கே புதுமையன்று.

ஆனால் அண்மைக் காலமாகச் "சிலுவைப்போர்" என்ற சொல் நம் இல்லங்களுக்குள் புதிய பெருமிதத்துடன் நுழைவதைக் காண்கின்றோம். மார்பில் செஞ்சிலுவை தரித்து வாளேந்திய வீரனின் படத்தை இளைஞர்கள் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்கின்றனர். மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன், "சாமி, நாமும் அவர்களும் தொடக்கத்திலிருந்தே பகைவர்கள்தானே?" என்று நம்மிடம் வினவினான். இதற்கு ஏட்டைப் புரட்டி விடையளிப்பதினும், அப்போரின் அலை நம் தமிழ்க் கரையிலேயே வந்து மோதிய ஓர் இடத்தைக் கண்ணால் காண்பது நலமெனத் தோன்றிற்று. ஆகவே பங்கு இளைஞர் சிலருடன், இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள வேதாளைக்குப் புறப்பட்டோம்.

வண்டி தொழுதூரைக் கடந்து திருச்சியை நோக்கி ஓடுகையில் பழைய கதையைத் தொடங்கினோம். கி.பி. 1009-இல் எகிப்திய ஆட்சியாளர் அல்-ஹாக்கிம், எருசலேமிலிருந்த நம் ஆண்டவரின் கல்லறைக் கோவிலை இடிக்கச் செய்தார். 1071-இல் கீழைக் கிறிஸ்தவப் பேரரசு துருக்கியரிடம் பெருந்தோல்வி கண்டது. பின்னர் மேற்கின் உதவியை நாடிற்று. 1095-இல் பிரான்சு நாட்டுக் கிளெர்மோன் நகரில் திருத்தந்தை இரண்டாம் ஊர்பன் விடுத்த அழைப்பை ஏற்றுப் பல்லாயிரவர் எழுந்தனர். அவர்களுள் பலர் உண்மைப் பக்தியோடு சென்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1099-இல் எருசலேம் வீழ்ந்தபோது இஸ்லாமியரும் யூதரும் ஆண் பெண் பேதமின்றி வெட்டப்பட்டனர். 1187-இல் சலாதீன் அந்நகரை மீட்டார். மீட்புப் பணம் செலுத்தியோர் வெளியேற வழிவிட்டார். செலுத்த இயலாதோர் பலர் அடிமைகளாயினர். 1204-இலோ, சிலுவை தரித்த படையே கிறிஸ்தவ நகரான கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடிற்று! 1291-இல் ஆக்கர் கோட்டை வீழ்ந்தது. கீழ்த்திசையில் இருநூறு ஆண்டுக்கால ஆட்சி முடிவுற்றது.

"அது எங்கோ நடந்தது, தமிழ்நாட்டிற்கு எப்படி வந்தது, சாமி?" என்றான் ஓர் இளைஞன். நல்ல கேள்வி. போர்த்துக்கல் நாடே அப்போர்களினூடே வளர்ந்த நாடு. 1147-இல் அதன் அரசர் லிஸ்பன் நகரைக் கைப்பற்றியது, புனித நாட்டிற்குச் சென்றுகொண்டிருந்த சிலுவைப் படையினரின் துணையோடுதான். ஆலய வீரர் சபை 1312-இல் கலைக்கப்பட்டபின், அதன் உடைமைகளைப் பெற்று 1319-இல் அந்நாட்டில் கிறிஸ்துவின் வீரர் சபை எழுந்தது. அச்சபையின் செஞ்சிலுவையே பின்னர்ப் போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாய்களில் தீட்டப்பட்டது. 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியபோது பழைய போரின் மனப்பான்மையும் உடன் இறங்கிற்று. 1502-இல் அவர் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு தீக்கிரையாக்கினார். மறுபுறத்திலும் புனிதப்போருக்கு அழைப்பு எழுந்தது. மலபாரில் வாழ்ந்த ஷெய்கு ஜைனுத்தீன் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய அரபு நூல் இதற்குச் சான்று.

புதுக்கோட்டை, காரைக்குடி, இராமநாதபுரம் கடந்து, உச்சிப்புளிக்கு அப்பால் வேதாளையை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மண்டபத்திற்குச் சற்று முன்னே, பனைகள் நிறைந்த மணற்பாங்கான ஊர். இஸ்லாமியர் பெருந்தொகையாய் வாழும் ஊர். அண்டையூரின் பெயரே மரைக்காயர்பட்டினம். கடல் குளம்போல் அமைதியாய்க் கிடந்தது.

இக்கரையில் 1538-இல் பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. பட்டு மரைக்காயர், குஞ்ஞாலி, அலி இபுராகீம் ஆகியோர் தலைமையில் இலங்கை நோக்கிச் சென்ற கப்பற்படையை, மார்த்தீம் அபோன்சோ தெ சூசா என்ற போர்த்துக்கீசியத் தளபதி இங்கே தாக்கி முறியடித்தார். முத்துக்குளித்துறைக் கடல் அதன்பின் போர்த்துக்கீசியர் கைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், 1535 முதல் 1537 வரை, மரைக்காயருடன் ஏற்பட்ட பூசலில் நொந்திருந்த பரதவ மக்கள் போர்த்துக்கீசியரின் காவலை நாடித் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். புனித சவேரியார் வருமுன்னரே, ஏறத்தாழ 20,000 பேர் திருமறையில் சேர்ந்தனர் என்பர்.

இது சமயப்போரா? ஒருபுறம் சிலுவைக் கொடி, மறுபுறம் பிறைக் கொடி என்று எண்ணுவது எளிது. ஆனால் மரைக்காயர் படைக்குப் பின்னின்றவர் கோழிக்கோட்டுச் சாமூதிரி என்னும் இந்து மன்னர். அவர்கள் துணைசெய்யச் சென்றது, தம் தமையனான கோட்டை அரசரோடு பகைத்த மாயாதுன்னை என்னும் சிங்கள மன்னருக்கு. இடையே கிடந்தவை முத்தும் மிளகும் குதிரை வாணிகமும். கடவுளின் பெயர் கொடியில் இருந்தது. கணக்கேடு கொடியின் கீழே இருந்தது.

இதனினும் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி பதினோர் ஆண்டுகளுக்குப் பின் இதே மணலில் நடந்தது. போர்த்துக்கீசியத் தளபதி இங்கே அகழி வெட்டி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் வரி பறிக்கத் தொடங்கினார். புண்ணியத் தலத்திற்குச் செல்லும் ஏழையிடம் வரி வாங்கினால் யாருக்குத்தான் சினம் எழாது? 1549-இல் விசயநகரப் பேரரசின் வடுகப் படை வேதாளையின்மீது பாய்ந்தது. அப்போது இங்கிருந்தவர் அந்தோணி கிரிமினாலி அடிகளார். இத்தாலியில் பார்மா நகருக்கருகில் பிறந்தவர். புனித சவேரியார் இக்கரை மறைப்பணிக்குத் தலைவராக நியமித்தவர். வயது முப்பதுகூட நிறையவில்லை. அவர் தப்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றுவதற்காகக் கரையிலேயே நின்றார். ஈட்டியால் குத்தப்பட்டு உயிர் நீத்தார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று வரலாறு அவரைப் போற்றுகின்றது.

வாளேந்தியவரின் பேராசைக்குக் கடன் அடைத்தவர், வாளே ஏந்தாத ஒரு குரு! இதை நாம் கூறியபோது, வழியெல்லாம் கலகலத்து வந்த இளைஞர்கள் வாய் திறவாது நின்றனர்.

கரையோரம் வலை பின்னிக்கொண்டிருந்த இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டு எழுந்து வந்தார். பழைய போர் நடந்த இடத்தைக் காண வந்தோம் என்றோம். "போரா? அதெல்லாம் மண்ணோடு மண்ணாப் போச்சு, சாமி. பிள்ளைங்க வெயில்ல வந்திருக்காங்க, முதல்ல தண்ணி குடிக்கட்டும்" என்று கூறிச் சிறுவனொருவனை வீட்டிற்கு அனுப்பினார். ஒரு குடம் நீரும் நுங்கும் வந்தன. எங்கள் இளைஞன் ஒருவன் அவரை "பெரியவரே" என்று தொடங்கி, நுங்கு தீருமுன் "பாட்டையா" என்று அழைக்கலானான்.

திரும்பும் வழியில் மற்றொரு பயணத்தைப் பற்றிச் சொன்னோம். 1219-இல், ஐந்தாம் சிலுவைப்போர் எகிப்தில் நடந்துகொண்டிருந்த வேளையில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் படைக்கலம் ஏதுமின்றிப் பகைவர் பாசறைக்குள் நடந்து சென்றார். சலாதீனின் தம்பி மகனான சுல்தான் அல்-காமில் அவருக்குச் செவிசாய்த்துத் தீங்கின்றித் திருப்பி அனுப்பினார். அதே சுல்தான் 1229-இல் உடன்படிக்கை செய்து எருசலேமைக் கிறிஸ்தவரிடம் ஒப்படைத்தார். மும்முறை படை திரட்டியும் கிட்டாதது, பேச்சினால் கிட்டிற்று.

திருச்சபையும் தன் மனத்தைத் தெளிவாகக் கூறியுள்ளது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பழம் பூசல்களை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள நேர்மையாய் முயலுமாறு கிறிஸ்தவரையும் இஸ்லாமியரையும் வேண்டிற்று. 2000-ஆம் ஆண்டு தவக்காலத்தில், திருச்சபையின் மக்கள் இழைத்த பிழைகளுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். 2019-இல் அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிசும் அல்-அசார் தலைமை இமாமும் மனித உடன்பிறப்பு நிலை பற்றிய ஏட்டில் கையொப்பமிட்டனர்.

பெற்றோரே! மறப்பது என்றால் வரலாற்றை மறைப்பது அன்று. இருதரப்புக் குற்றங்களையும் பிள்ளைகளுக்கு உள்ளபடி சொல்லுங்கள். ஆனால் யாரைப் பின்பற்றுவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தளபதி தெ சூசாவின் வெற்றியை இன்று அக்கரையில் அறிந்தார் அரியர். கிரிமினாலி அடிகளாரோ திருச்சபையின் நினைவில் வாழ்கின்றார். நம் ஆண்டவர் சிலுவையைச் சுமக்கச் சொன்னார். அதைத் தீட்டி வாளாக்கச் சொல்லவில்லை. அடுத்த வீட்டு அன்பரின் நோன்புக் கஞ்சியை நன்றியோடு பெற்று, கிறிஸ்து பிறப்பு நாளில் அவ்வீட்டிற்குப் பலகாரம் கொண்டுசெல்லும் பிள்ளை, எருசலேமுக்குப் படைநடத்தியோர் அறியாத வழியை அறிந்த பிள்ளையாவான்.