ஆறு வினாடித் துண்டுகள்

கட்டுகஸ்தோட்டையில், பஸ் சத்தம் எட்டாத ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த வீடு. பின்னறைதான் தொகுப்பறை. சன்னலில் கனத்த கம்பளி, சுவரில் பழைய மெத்தைகள். மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். தகரக் கூரைச் சத்தத்தில் குரலை நுணுக்கமாகக் கேட்க முடியாது.

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் முதியவர்கள் பேசுவதையும் பாடுவதையும் பதிந்து வந்து சிலர் இங்கே தொகுக்கிறார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவும் அந்தப் பக்கம்தான். தோட்டத் தொழிலாளர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் சொந்தபந்தத்தைத் தலைமன்னார் ரயிலில் ஏற்றி அனுப்பியவர்கள் இந்தப் பதிவுகளில் பேசுகிறார்கள். பலருக்கு எண்பது தாண்டிவிட்டது. பிசகினால் மறுபடி போய்ப் பதியலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழைய மடிக்கணினியில் ஓடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளின் 2.0 பதிப்பு இருந்தது. புதுக் கணினி வந்ததும் புதிய பதிப்பைப் போட்டார்கள். ஒரே பாட்டியின் பேச்சில் முன்பாதி பழையதிலும் பின்பாதி புதியதிலும் தொகுக்கப்பட்டது. சேர்த்துக் கேட்டபோது உதவியாளரான இளம்பெண் சொன்னாராம்: “நடுவுல ஆளே மாறிப் போன மாதிரி இருக்கண்ணே.”

எனக்கும் போட்டுக் காட்டினார்கள். முன்பாதியில் குரல் கனமாக இருக்கிறது. பின்பாதியில் மெலிந்து, சொற்களின் கடைசி எழுத்து தேய்ந்து போகிறது. இரைச்சல் நீக்கும் கருவியில் கொப்பியில் குறித்து வைத்த அதே எண்களைத்தான் இட்டிருக்கிறார்கள். ஆனால் 2015இல் வந்த 2.1.0 பதிப்பில் அந்தக் கருவியே புதிதாக எழுதப்பட்டது. பழைய எண்ணுக்குப் புதியதில் வேறு விளைவு. 2024இன் 3.6 பதிப்பில், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்பிரசரும் புதிதானது. எண்ணைக் காப்பாற்றிப் பயனில்லை, குரலைத்தான் காப்பாற்ற வேண்டும் என்பது அங்கே தெளிவாகக் கேட்டது.

இப்போது அவர்கள் செய்வது எளிமையானது, கறாரானது. ஒவ்வொரு பதிவிலும் யாரும் பேசாத சில வினாடிகளை அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். இரைச்சலின் மாதிரி அதிலிருந்துதான். மூல வேவ் கோப்பில் யாரும் கை வைப்பதில்லை. மென்பொருள் மாறினால், முன்பே தொகுத்த ஒரு நிமிடப் பேச்சின் மூலத்தைப் புதியதில் மறுபடி தொகுத்து, பழையதோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். அதற்கு முன் இரண்டின் சத்த அளவையும் சமமாக்குகிறார்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே காதுக்குப் படும். அளவைச் சமமாக்காத ஒப்பீடு வீண்.

அந்தச் சத்த அளவிலும் ஒரு நுணுக்கம். ஒரு பாட்டி பேச்சினிடையே வெற்றிலை உரலை ‘டொக்’கென்று இடிக்கிறார். உச்ச அளவை வைத்துச் சமன் செய்தால் அந்த ஒரு இடிதான் உச்சம்; பேச்சு அடியிலேயே கிடக்கும். ஆகவே சராசரியாகக் காதில் விழும் உரப்பை அளக்கும் எல்யூஎஃப்எஸ் முறைக்கு மாறியிருக்கிறார்கள்.

இன்னொரு பெரிய வேலை கோப்புகளை மாற்றுவது. 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்கு முன், ஒரு திட்டத்தின் ஒலி சின்னச் சின்னக் கோப்புகளாகத் தனி உறையில் கிடக்கும்; வழக்கமான அமைப்பில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு வினாடி. ஒரு மணி நேரப் பேச்சென்றால் அறுநூறு துண்டு. நகலெடுக்கையில் ஒன்று தவறினாலும் அந்த இடம் வெறும் மௌனமாகிவிடும். புதிய பதிப்பு அத்தனையையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கிறது. ஆனால் அந்தக் கோப்பைப் பழைய பதிப்பால் திறக்க முடியாது. திரும்பி வர வழியில்லாததால் மூல உறையை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் நகலெடுத்த பிறகே மாற்றுகிறார்கள்.

முதலில் மாற்றுவது 1964 ஒப்பந்தம் பற்றிய பேச்சுகளை. பாட்டுகள் அதற்கடுத்து. எல்லாம் முடியும்வரை பழைய மடிக்கணினியை விற்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறார்கள்.