காரைத் தாழ்த்தும் பிள்ளைகள் கவனத்துக்கு



என் பழைய மாணவர்கள் சிலர் கார் வாங்கியதும் மாலை போட்டுப் படம் போடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து அதே கார் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு படம் வருகிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். "கணக்கு டீச்சருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்" என்று தள்ளிவிட வேண்டாம். இது கணக்குத்தான், அதுவும் எட்டாம் வகுப்புக் கணக்கு.

என் அண்ணன் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஸ்போர்ட்ஸ் மாடல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினான். முந்தைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கை மாற்றி 40 மில்லிமீட்டர் தாழ்த்தி வைத்திருந்தார். ஆனித் திருமஞ்சனத்துக்கு அண்ணன், அண்ணி, நான் மூவரும் அந்தக் காரில் கடலூரிலிருந்து சிதம்பரம் போனோம். 45 கிலோமீட்டர்தான். புதுச்சத்திரம் தாண்டி ஓரிடத்தில் தார் பெயர்ந்து மேடாக இருந்தது. இடப்பக்க முன்சக்கரம் மட்டும் அதில் ஏறி இறங்கியது. அந்த நொடியில், அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே கார் வலப்பக்கம் வெட்டியது. எங்களை முந்திக்கொண்டிருந்த பேருந்துக்கும் எங்களுக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை.

அவன் சாதாரணமாக, "எப்பவும் இப்படித்தான் அத்தை, லேசா இழுக்கும்" என்றான். பேருந்தைவிட அந்த "எப்பவும்" என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. கார் அப்படித்தான் ஓடும் என்று பிள்ளை பழகிவிட்டான்.

மறுநாள் திருப்பாப்புலியூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனோம். காரை ஜாக்கி போட்டுத் தூக்காமல் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொன்னான். "தூக்கினா சக்கரம் தொங்கிடும் டீச்சர், தப்பு தெரியாது. நாலு சக்கரமும் எடையைத் தாங்கி நிக்கும்போதுதான் பாக்கணும்" என்றான். டார்ச் அடித்து இரண்டு விஷயங்களைக் காட்டினான். முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் வழவழவென்று தேய்ந்திருந்தன, வெளிவிளிம்பு புதுசு போல இருந்தது. இன்னொன்று, லோயர் ஆர்ம். உடல்கூட்டிலிருந்து சக்கரம் வரை வரும் அந்த இரும்புக் கை சக்கரத்தின் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். இந்தக் காரில் மேல்நோக்கிப் போயிருந்தது.

இது ஏன் முக்கியம்? நம் தாத்தா காலத்து வில்வண்டியில் இரு சக்கரத்துக்கும் அச்சு ஒன்றுதான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து சாயும். காரின் முன்சக்கரங்கள் அப்படியல்ல, தனித்தனியே ஏறி இறங்கும். இதற்கு இன்று அதிகம் பயன்படும் முறை ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் வழங்குகிறது. 1950-ல் இங்கிலாந்தில் அறிமுகமான போர்டு கான்சல் காரில் அது இருந்தது. 1983-ல் நம் நாட்டுக்கு வந்த மாருதி 800-லும் அதுதான். மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூண், கீழே இந்த லோயர் ஆர்ம். தோள் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் புஷ், மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் பால் ஜாயிண்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. ஆர்மின் நீளம் 350 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதுதான் கர்ணம். கம்பெனி உயரத்தில் வெளிமுனை உள்முனையைவிட 25 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு மேட்டில் 50 மி.மீ. ஏறினால் வெளிமுனை 25 மி.மீ. மேலே போகும். முன்னும் பின்னும் கிடைத்தூரம் ஒன்றேதான், 349.1 மி.மீ. சக்கரத்தின் அடிப்பகுதி கடைசியில் பழைய இடத்திலேயே நிற்கிறது.

காரை 40 மி.மீ. தாழ்த்தினால் நிற்கும்போதே வெளிமுனை 15 மி.மீ. மேலே இருக்கும். அதே மேட்டில் ஏறினால் 65 மி.மீ. ஆகும். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். 349.7 ஆக இருந்த கிடைத்தூரம் 343.9 ஆகிவிடும். சக்கரத்தின் அடிப்பகுதி கிட்டத்தட்ட 6 மி.மீ. உள்ளே இழுக்கப்படுகிறது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தரையில் முழுதாகப் படிய வேண்டும். இதுவோ அதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது.

இன்னொன்று டை ராட். சக்கரத்தைத் திருப்பும் தண்டு அது. லோயர் ஆர்மும் டை ராடும் இரண்டு காம்பஸ் மாதிரி. இரண்டும் ஒத்துப்போகும் வில்லை வரைந்தால் சக்கரம் நேராக ஏறி இறங்கும். உயரம் மாறினால் வில்கள் பிரியும், சக்கரம் தானாகத் திரும்பும். புதுச்சத்திரத்தில் நடந்தது இதுதான். நிற்கும் நிலையிலேயே சக்கரத்தின் கோணம் மாறிப்போய், அலைன்மென்ட்டும் பார்க்காமல் ஓட்டியதால் டயரின் உள்விளிம்பு தேய்ந்தது.

தாழ்த்தினால் வளைவில் கார் சாயாது என்று பலர் நம்புகிறார்கள். இந்த அமைப்பில் அது முழு உண்மை அல்ல. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது ஆர்மின் சரிவைப் பொறுத்தது. காரை 40 மி.மீ. இறக்கினால் அந்தப் புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிவிடும். எடை மையத்துக்கும் அதற்கும் நடுவே உள்ள தூரம், அதாவது நெம்புகோலின் நீளம், கூடுகிறது. சாய்வைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேடிப் போவீர்கள், முதுகுவலிதான் மிச்சம்.

இதை அறிந்தவர்கள் உயரத்தை மட்டும் தொடுவதில்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்துப் போர்டு மஸ்டாங் காருக்கு முன்புறம் மேலொன்று கீழொன்று என இரண்டு ஆர்ம்கள் இருந்தன. போர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் சொன்ன முறைப்படி, 1965-ல் கரோல் ஷெல்பியின் ஜி.டி. 350-ல் மேல் ஆர்ம் பொருந்தும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். வளைவில் வெளிப்பக்க டயர் இன்னும் சரியாகப் படிந்தது. நம் கோயம்புத்தூர் கரிவரதன் கட்டிய பார்முலா மாருதி பந்தயக் கார்களும் தரையை ஒட்டியவைதான். ஆனால் அவை பிறக்கும்போதே அந்த உயரத்துக்கு வரையப்பட்டவை. வளர்ந்த பிறகு குனியவைத்தவை அல்ல.

அண்ணன் மகன் விடவில்லை. "அப்படின்னா லோயர் ஆர்மை மட்டும் நல்லதா மாத்திடலாமே அண்ணா?" என்று பட்டறைக்காரனிடம் கேட்டான். நியாயமான கேள்விதான். பால் ஜாயிண்ட் தண்டு நீளமாக உள்ள ஆர்ம்கள் உண்டு. அவை ஆர்மின் வெளிமுனையைத் திரும்பக் கீழே தள்ளிச் சரிவை மீட்டுத் தரும். அதற்கேற்ப டை ராட் முனையையும் மாற்ற வேண்டும், அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பழைய கதைதான். ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பாலியூரித்தேன் போட்டால் ஸ்டீயரிங் துல்லியமாகும், சாலையின் அதிர்வும் சேர்ந்து உள்ளே வரும். முழு இரும்பு ஜாயிண்ட் போட்டால் நம் ஊர்த் தூசியிலும் கடற்காற்றிலும் சீக்கிரம் தேயும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும்.

சாலையையும் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடையின் உயரமே 10 சென்டிமீட்டர். நம் தெருக்களில் இருப்பவை எந்த அளவிலும் அடங்காதவை. நான்கு பேர் உட்கார்ந்த தாழ்ந்த கார் அவற்றின் மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகும்.

கடைசியில் கம்பெனி உயர ஸ்பிரிங்கே போட்டான். கூடவே இரண்டு லோயர் ஆர்மும் புதுசு. முகம் இரண்டு நாள் தொங்கித்தான் கிடந்தது. மூன்றாம் நாள் சென்னை போய்ச் சேர்ந்து, "அத்தை, இப்ப ஸ்டீயரிங்கைச் சும்மா பிடிச்சிருந்தாலே போதும்" என்று போன் செய்தான்.

பட்டறையில் நான் கற்ற ஒரு பாடம், எல்லாருக்கும் பயன்படும். ரப்பர் புஷ் உள்ள ஆர்மை மாற்றும்போது, அந்த போல்ட்டை சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக முறுக்கக் கூடாது. கார் தன் எடையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். மெக்கானிக்கிடம் பணிவாகக் கேளுங்கள், நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கென்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. அங்கே ஓட்டுவதற்கென்று ஒரு வண்டி தயார் செய்யுங்கள், ஆர்மோடும் டை ராடோடும் சேர்த்து, அறிந்தவர் துணையோடு. அப்பா அம்மாவை உட்கார வைத்து ஓட்டும் வண்டியில் மட்டும் வேண்டாம். உங்கள் கார் மேட்டில் ஏறும்போது "லேசா இழுக்கும்" என்றால், இந்த வாரமே காட்டுங்கள்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். சரியாகப் போட்டவர்கள் விடையை எழுதுங்கள், வழக்கம்போல டிக் போடுகிறேன்.

வாழ்க வளமுடன்.