கைப்பையில் ஒரு கொக்கியூசி

எங்கள் கைவேலை வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, பிளேனில போகேக்க கொக்கியூசியைக் கைப்பையில கொண்டு போக விடுவினமோ?" என்று வன்னியிலிருந்து வந்த பெண் கேட்பார். "ஊசிய பாத்தா புடிச்சிக்குவாங்களா அக்கா?" என்று பன்விலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் கேட்பார். பேச்சு வேறாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருக்கும் பயமும் ஒன்றுதான்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறு மண்டபத்தில் வாரத்தில் இரண்டு நாட்கள் நாங்கள் கூடுகிறோம். ரேந்தை பின்னுகிறோம், பூத்தையல் போடுகிறோம், பற்றிக் பழகுகிறோம். வருபவர்களில் பலர் யுத்தத்தில் கணவனை, பிள்ளையை, வீட்டை இழந்தவர்கள். இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் ஒவ்வொரு வருடமும் விமானம் ஏறுகிறார்கள். ஒருவர் கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார். இன்னொருவர் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போகிறார். போகும்போது உடுப்பு, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் கட்டுகிறார்கள். கைவேலைப் பையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். "ஏன் வீண் பிரச்சினை" என்பதே காரணம்.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. யுத்த காலத்தில் வடக்கிற்குக் கொண்டு போகக்கூடாத பொருட்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. டோர்ச் பற்றரி, எரிபொருள், சீமெந்து, உரம் எல்லாம் அதில் இருந்தன. பட்டியலில் இல்லாத பொருளுக்கும் சாவடியில் நிற்பவரின் மனம்தான் சட்டம். தாண்டிக்குளத்தில் தன் ஊசிப்பெட்டியை மண்ணில் கொட்டியதையும், ஒவ்வொரு ஊசியாகத் தான் பொறுக்கியதையும் எங்கள் வகுப்புப் பெண் ஒருவர் இன்றைக்கும் சொல்லுவார்.

கண்டியில் இருந்த எங்களுக்கும் அது தெரியும். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையின் வாசலில் குண்டு வெடித்த பின், தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையுடன் நகரத்துக்குள் நடப்பதே பெரும்பாடாகிவிட்டது. என் தையல் பையைத் திறந்து காட்டிய தடவைகளுக்குக் கணக்கில்லை. "மே மொனவாத?" என்று கேட்கும் முன்னமே "மஹன படு" என்று சொல்லப் பழகியிருந்தேன். கத்தரிக்கோலை நான் எடுத்துக் காட்டுவதா, அவர்களே எடுக்கட்டும் என்று விடுவதா என்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாக இருந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையமும் எங்கள் மனதில் அப்படிப்பட்ட இடம்தான். 1986 மே மாதம் அங்கே நின்ற எயார் லங்கா விமானத்தில் குண்டு வெடித்தது. 2001 ஜூலை 24இல் விமான நிலையமே தாக்கப்பட்டது. அதன் பின் இரண்டு மாதத்துக்குள் அமெரிக்காவில் செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்தது. உலகம் முழுவதும் கைப்பைகளைக் கிளறத் தொடங்கினார்கள். பல இடங்களில் பின்னல் ஊசியையும் நகவெட்டியையும்கூட வாங்கி வைத்தார்கள். அந்த நாட்களில் கேள்விப்பட்ட கதைகள்தான் இன்றும் நம் பெண்களிடையே உலாவுகின்றன.

ஆனால் காலம் மாறிவிட்டது. பல நாடுகள் இன்று எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை எழுதி வெளியிட்டிருக்கின்றன. நான் லண்டனில் இருக்கும் தங்கையிடம் போவதற்கு முன் அவற்றைத் தேடி வாசித்தேன். பிரித்தானியாவில் பின்னல் ஊசி, தையல் ஊசி இரண்டையும் கைப்பையில் கொண்டு போகலாம். கத்தரிக்கோலின் அலகு 6 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. கனடாவிலும் அதே 6 சென்ரிமீற்றர்தான். அமெரிக்காவில் 2005 டிசம்பரிலிருந்து, இரண்டு அலகும் சேரும் ஆணியிலிருந்து நுனிவரை 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கோலை விடுகிறார்கள். பின்னல் ஊசிக்கும் கொக்கியூசிக்கும் அங்கேயும் தடையில்லை.

இருந்தாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எழுத்தில் என்ன இருந்தாலும், கடைசி முடிவு சோதனை மேசையில் நிற்கும் அலுவலருடையது. நடுவில் விமானம் மாறும் இடத்தில் மீண்டும் ஒரு சோதனை வரலாம். அந்த நாட்டின் சட்டம் வேறாக இருக்கலாம். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போதே விமானக் கம்பனியிடம் கேட்டு வையுங்கள். இழந்தால் மனம் தாங்காது என்ற எதையும் கைப்பையில் வைக்காதீர்கள்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அம்மாவுக்கு அது நடந்தது. அவருடைய தாயின் பித்தளைக் கைப்பிடிக் கத்தரிக்கோல், நாலு இடம்பெயர்விலும் கூடவே வந்தது. வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், அளவு கூட என்று அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். "வீடு போச்சு, நகை போச்சு, அதுக்கெல்லாம் அழுது முடிச்சிட்டன். இந்தக் கத்தரிக்கோலுக்கு இன்னும் அழுகை வருகுது" என்றார். பெரிய பெட்டியில் வைத்திருந்தால் அது அவருடனேயே போய்ச் சேர்ந்திருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் பொதி கட்டிய விதத்தைச் சொல்கிறேன். நல்ல கத்தரிக்கோல், உலோக ஊசிகள், வெட்டும் பிளேட் எல்லாவற்றையும் தடித்த துணியில் சுற்றி, நூலால் கட்டிப் பெரிய பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியைத் திறந்து பார்ப்பவரின் கையில் குத்தக்கூடாது அல்லவா? கைப்பையில் ஒரு மூங்கில் கொக்கியூசி, இரண்டு நூற்பந்து, தங்கையின் பேரப்பிள்ளைக்காகப் பாதி பின்னிய போர்வை ஆகியவற்றை மட்டும் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் போட்டேன். வெளியே இருந்து பார்த்தாலே என்னவென்று தெரியும். நூல் வெட்ட, பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூல் வரும் சின்னப் பெட்டி போதும். அதில் இருக்கும் சிறு தகடு பருத்தி நூலை நன்றாக வெட்டும். பெரிய பெட்டியைக் கவுண்டரில் ஒப்படைத்த பின் அதை மீண்டும் திறக்க முடியாது. எது எங்கே என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

திரவப் பொருட்களுக்கு வேறு சட்டம். 2006 ஓகஸ்டில் லண்டனில் ஒரு சதி பிடிபட்ட பின்னர்தான் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு வந்தது. அண்மையில் சில விமான நிலையங்கள் இதைத் தளர்த்தினாலும், 100 மில்லிலீற்றருக்குள் கொண்டு போவதே பாதுகாப்பு. துணிக்குப் பூசும் வர்ணம், பசை இரண்டும் இதற்குள் அடங்கும். தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் மூன்றும் கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. பற்றிக் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரவில் வெளிச்சத்துக்குப் பாவிக்கும் பவர் பேங்க் இருந்தால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். பற்றரி சூடேறித் தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் உடனே அணைக்கலாம் என்பதே காரணம்.

அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விசயம். பனையோலைப் பெட்டி, மரச்சாமான், விதை மாலை, புல்லிலும் நாரிலும் செய்தவை எல்லாவற்றையும் இறங்கும்போது தரும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். பூச்சி, விதை மூலம் நோய் வரும் என்ற அச்சம் அவர்களுக்கு. காட்டினால் பார்த்துவிட்டு விடக்கூடியதை விடுவார்கள், மறைத்தால் தண்டப்பணம். குன்றிமணி கோத்த மாலையை அங்கே கொண்டு போகவே கூடாது. குண்டசாலைப் பக்கம் ஹேனாவலயில் ஹண நாரில் நெய்யும் தும்பரப் பாய்க் கலையை 2021இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப் பேர்பெற்ற கைவேலையானாலும் நார் நார்தான். பரிசாகக் கொண்டு போனால் அட்டையில் எழுதுங்கள்.

கட்டுநாயக்காவில் என் பையை ஒரு தடவை நிறுத்தினார்கள். சீருடை போட்ட இளம் பெண் ஒருத்தி போர்வையை விரித்தாள். பழைய நாட்கள் ஞாபகம் வந்து நெஞ்சு படபடத்தது. அவள் ஓரத்து ரேந்தையைத் தடவிப் பார்த்து, தன் அம்மாவும் இப்படிப் பின்னுவாள் என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு நான் மடித்தது போலவே மடிக்கப் பார்த்தாள். எல்லா மேசையிலும் இப்படி ஒருத்தி நிற்பாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் தெரிந்து போனதால் அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. சாவடியில் அது இருக்கவில்லை.

லண்டன் வரைக்கும் பதினொரு மணித்தியாலம். யுத்தத்துக்குப் பிறகு இருட்டில், மூடிய இடத்தில், சத்தத்தின் நடுவே உட்கார முடியாத பெண்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான். விமானம் குலுங்கும்போது கைவிரல்கள் கண்ணியை எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சு சீராக இருக்கும். குவைத்தில் இரண்டு வருடம் இருந்து வந்த எங்கள் தோழி ஒருவர், "வேல முடிஞ்ச பெறகு அந்த ஒரு மணி நேரந்தான் எனக்குச் சொந்தம்" என்பார். அங்கே அவர் பின்னிய மேசை விரிப்புகளை விற்றுத்தான் மகனுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கினார்.

ஆகவே சகோதரிகளே, பயணம் வந்தால் கைவேலைப் பையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அளவுகோலை எடுத்துக் கத்தரிக்கோலை அளவுங்கள். கூர்மையானதைப் பெட்டிக்குள் வையுங்கள், பாதி பின்னியதைக் கையில் வையுங்கள். பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டி, இது என் கைவேலை என்று நிமிர்ந்து சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் கொக்கியூசியை எடுத்து இரண்டு கண்ணி பின்னிக் காட்டினாலே போதும்.