ஏழு பேர்

கபடிக்குச் செலவே கிடையாது. மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், வலை வேண்டாம். கொஞ்சம் மண், சுண்ணாம்புக் கோடு, ஒரு விசில். அந்தப் பக்கம் ஏழு பேர், இந்தப் பக்கம் ஏழு பேர். அவ்வளவுதான். ஆனால், நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் இப்போது கிடைக்காத சாமான் அந்த ஏழு பேர்தான்!

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, திருச்சுழி தாண்டி நரிக்குடிக்குப் போயிருக்கிறீர்களா? வழியெல்லாம் சீமைக்கருவேலம். அதில் பாதி, மிளகாயும் பருத்தியும் விளைந்த காடு. கண்மாய் நிறைந்த வருஷம் நெல். நிறையாத வருஷம் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி. கரிப்புகையில் வெந்த தகப்பன், 'என் பிள்ளையாவது நிழல்ல உக்காந்து சம்பாதிக்கட்டும்' என்று நினைப்பது தப்பா? பையன் படிக்கிறான். பஸ் ஏறிவிடுகிறான். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். பிறக்கிற பிள்ளைகளும் குறைவு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். வீட்டுக்கு ரெண்டு பேர் ஆடிய காலம் போய், தெருவுக்கு ரெண்டு பேர் தேறினால் அதிசயம்.

ஒரு பொங்கலுக்கு நண்பரின் ஊருக்குப் போயிருந்தேன். நரிக்குடியிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். கபடிக் குழு கேப்டனுக்கு முப்பத்தாறு வயசு. மூட்டில் கிரேப் பேண்டேஜ். கோட்டுக்கு வெளியே அவருடைய மகள் பாப்கார்ன் தின்றுகொண்டு இருந்தாள்.

''இன்னும் நீங்கதான் ஆடணுமா தம்பி?''

''வேற யாருண்ணே இருக்கா? திருப்பூர்ல நாலு பேரு, சிங்கப்பூர்ல ரெண்டு பேரு. நல்ல நாளுக்கு வாராய்ங்க. ரெண்டு வாட்டி பாடிட்டுப் போனா, மூச்சு வாங்கி உக்காந்துர்றாய்ங்க.''

ஆள் குறைந்தால் வெளியூர் ஆட்டக்காரரை அழைக்கலாம். பஸ் காசு, பிரியாணி, கையில் கொஞ்சம் பணம். ஆனால், நோட்டீஸில் 'ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டும்' என்று போட்டுவிட்டால் அதற்கும் வழியில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் மனசில் நின்றது. அந்த ஊரில் முன்பு ரெண்டு குழு. மேலத்தெருவுக்கு ஒன்று, கீழத்தெருவுக்கு ஒன்று. ரெண்டு ஜெர்ஸி, ரெண்டு மைதானம். காரணம் சாதி. கோயில் கொடையில் சேராத தெருக்கள், கபடியில் மட்டும் சேருமா?

சேர்ந்துவிட்டன.

''எங்க தெருவுல மூணு பேரு மிஞ்சுனோம். அவுக தெருவுல நாலு பேரு. கூட்டுனா ஏழு. பெருசுக கொஞ்சம் மொணங்குச்சு. 'அப்ப நீங்க வந்து ஆடுங்க'ன்னோம். அம்புட்டுத்தான்.''

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால், சின்ன விஷயமா இது? பாடி வருகிறவனை மடக்க, கையோடு கை கோத்து நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் எந்தத் தெரு என்று பார்த்தால் பிடி நழுவிவிடும். எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசியும் கோக்காத கைகளை, ஆள் பஞ்சம் கோத்துவைத்து இருக்கிறது. சந்தோஷப்படுவதா, ஊர் காலியான பிறகுதானா இது என்று வருத்தப்படுவதா? எனக்கு ரெண்டும் இருந்தது.

அயர்லாந்தின் கிராமங்களிலும் இதே கதைதான். பதினைந்து பேர் ஆட வேண்டிய கேலிக் கால்பந்துக்கு ஆள் தேறாமல், பரம்பரைப் பகை கொண்ட பக்கத்து ஊர்க் கிளப்புகள் ஒன்றாகின்றன. நம் ஊர்களும் இனி ரெண்டு மூன்றாகச் சேர்ந்துதான் ஒரு குழு வைக்க முடியும். போட்டி நடத்துகிறவர்கள் அதற்கேற்ப விதியைத் தளர்த்தினால் நல்லது.

2014-ல் ப்ரோ கபடி வந்தது. 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்தது. டி.வி-யில் கூட்டம் அலைமோதுகிறது. இங்கே மைதானத்து ஓரம் கருவேலங்கன்று முளைக்கிறது. வாரம் ஒரு நாள் நாலு பேர் இறங்கி ஆடினால்கூட, அது மரமாகாது.

கபடியில் ஒரு நல்ல விதி உண்டு. கிரிக்கெட்டில் அவுட்டானவன் அன்றைக்கு அவுட்டானவன்தான். கபடியில் அப்படி இல்லை. உள்ளே இருப்பவர்கள் எதிரணி ஆளை அவுட்டாக்கினால், வெளியே போனவன் திரும்ப வரலாம். கண்மாயில் தண்ணீரும் பக்கத்தில் ஒரு வேலையும் இருந்தால், பஸ் ஏறிப் போனவர்களில் ரெண்டு பேராவது வர மாட்டார்களா?

அதுவரைக்கும் கோட்டுக்குள் யாராவது நிற்க வேண்டும். மூட்டில் பேண்டேஜோடாவது!